ஒற்றைச் சக்கர மின் ஊர்தி சாயாமல் நிற்பது எப்படி? அது எங்கிருந்து வந்தது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நியூயார்க்கில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே மிதிவண்டித் தடத்தில் ஒருவர், ஒரே சக்கரத்தின் இருபுறமும் கால் வைத்து நின்றபடி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஏதுமின்றி, மிதிவண்டிகளை எல்லாம் முந்திக்கொண்டு போனார். உள்ளே ஜைரோஸ்கோப் சுழல்வதால் பம்பரம் போல் நிற்கிறது என்று மருமகன் விளக்கினார்.

பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதே மனிதர் அடுத்த சிக்னலில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உள்ளே பம்பரம் சுழன்றுகொண்டிருந்தால் கம்பம் எதற்கு? இதன் இயக்கத்தையும் தோற்றத்தையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சாணி எழுதியது:

ஐயா, கம்பத்தைக் கவனித்தீர்களே, விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. உள்ளே பம்பரம் எதுவும் இல்லை. ஜைரோஸ்கோப் உண்டு, ஆனால் அது தாங்கிப் பிடிக்கும் பொருள் அன்று, அளக்கும் கருவி. விரல் நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்றில், சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடைகள் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். சில்லு திரும்பினால் கொரியோலிஸ் விளைவு அந்த அதிர்வைப் பக்கவாட்டில் சற்றே தள்ளும். அந்தத் தள்ளலை மின்தேக்குத்திறனில் ஏற்படும் மாற்றமாக அளந்து, ஊர்தி எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதைச் சில்லு தெரிவிக்கிறது. நம் கைப்பேசிகளில் இருப்பதும் இதே வகைதான்.

ஊர்தியை நிமிர்த்துவது மோட்டார். சிறுவயதில் உள்ளங்கையில் விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி முன்னால் சாய்ந்தால் கையை முன்னால் கொண்டுபோகிறோம், பின்னால் சாய்ந்தால் பின்னால் இழுக்கிறோம். இங்கே உள்ளங்கையின் இடத்தில் சக்கரம், விளக்குமாற்றின் இடத்தில் நீங்கள். இயற்பியலில் இதைத் தலைகீழ் ஊசல் என்போம். சக்கரம் உங்களைத் தாங்குவதில்லை. நீங்கள் விழப்போகும் இடத்துக்கு உங்களுக்கு முன்பே ஓடிப்போய் நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கிவிடும்.

என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஓட்டுபவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு எடையுள்ளவர், எங்கே போக விரும்புகிறார் என்பவை எதுவும் ஊர்திக்குத் தெரியாது. கால் வைக்கும் மிதிபலகை கிடைமட்டமாக இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கவலை. நீங்கள் உடலை முன்னால் சாய்த்தால் உங்கள் எடை கால்விரல்களின் வழியாக மிதிபலகையின் முன்பகுதியை அழுத்தும். பலகை அரைப் பாகை சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி அதைச் சரிசெய்ய முனையும். பலகையை நிமிர்த்த மோட்டார் தரும் முறுக்குவிசையின் எதிர்விளைவுதான் சக்கரத்தை முன்னால் உருட்டுகிறது. வேகம் என்பது சமநிலையைக் காப்பதன் பக்கவிளைவு என்றே சொல்லலாம். இந்தக் கணக்கும் திருத்தமும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கின்றன.

ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கையும் தருகிறேன். ஆளும் ஊர்தியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து நிறை மையத்துக்கு வரையும் கோடு செங்குத்திலிருந்து 5 பாகை சாய்ந்தால், கீழே விழாதிருக்கத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை 5 பாகையின் டேன்ஜென்ட்டால் பெருக்கிய அளவு, அதாவது நொடிக்கு நொடி ஏறத்தாழ 0.86 மீட்டர். அதற்கு 86 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்றால் முறுக்குவிசை சுமார் 17 நியூட்டன் மீட்டர். அதே சாய்வில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தர வேண்டிய திறன் 480 வாட்டுக்கு அருகில். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது இரு மடங்காகி 950 வாட்டைத் தாண்டும். இத்துடன், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் காற்றின் தடையையும் சேர்க்க வேண்டும். சாய்வு அதேதான், வேகம் கூடக் கூட அந்தச் சாய்வுக்குத் தரும் விலை கூடுகிறது.

இனி உங்கள் கம்பத்துக்கு வருகிறேன். மோட்டார் சக்கரத்தை முன்னும் பின்னும் மட்டுமே உருட்ட முடியும். இடம் வலமாகச் சாய்வதைத் தடுக்க அதனிடம் எந்தக் கருவியும் இல்லை. அந்தச் சமநிலை முழுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு. நின்றுவிட்ட மிதிவண்டி எப்படிப் பக்கவாட்டில் விழுமோ அப்படியே இதுவும் விழும்.

நெடுவழி எழுதியது:

நான் நியூயார்க்கில்தான் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக வேலைக்கு இதில்தான் போகிறேன். அச்சாணி அவர்கள் சொன்ன இடம் வலம் பற்றிய செய்தியை என் உடம்பே உறுதிசெய்யும். முதல் வாரம் முழுவதும் வாகனங்கள் இல்லாத ஒரு நிறுத்துமிடத்தில் சுவரைப் பிடித்தபடி பழகினேன். முன் பின் சாய்வு பற்றிய அச்சம் முதல் பத்து நிமிடங்களிலேயே போய்விட்டது. அதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. பக்கவாட்டு ஆட்டம்தான் ஒரு வாரம் பிடித்தது.

மெதுவாகப் போகும்போது இடுப்பையும் தோளையும் திருகித்தான் திரும்ப வேண்டும். மணிக்கு பத்துக் கிலோமீட்டரைத் தாண்டினால் அது மிதிவண்டியின் குணத்துக்கு மாறிவிடுகிறது. டயரின் குறுக்குவெட்டு வளைவாக இருப்பதால், சாய்ந்த சக்கரம் உருட்டிவிட்ட கூம்பைப் போல வளைந்து ஓடும். கணுக்காலுக்கு மேலே கால்கள் ஊர்தியின் உடலைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அந்தச் சாய்வை முழங்காலின் சிறு அழுத்தத்தால் கொடுக்க முடிகிறது. சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவும் ஓரளவு உதவுகிறது. ஆகவே உங்கள் மருமகன் சொன்னதில் முற்றிலும் உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பம்பரம் தரையில் உருளும் சக்கரமேதான், உள்ளே ஒளிந்திருக்கும் வேறு எதுவும் அன்று.

நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் சாய்ந்தவுடன் வேகம் குறையும் என்று புதியவர்கள் எண்ணுவார்கள். உண்மையில் சக்கரம் முதலில் கணநேரம் முன்னால் ஓடி, உங்கள் நிறை மையத்துக்கு முன்னே போய் நின்றுகொண்ட பிறகே வேகத்தைக் குறைக்க முடியும்.

வைகறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அதிலிருந்தே அடுத்த கேள்வி எழுகிறது. ஓட்டுபவர் விழப்போகும் இடத்துக்குச் சக்கரம் முன்பே ஓட வேண்டும் என்றால், அதனால் மேலும் விரைந்து ஓட முடியாத ஒரு வேகம் இருந்தே தீர வேண்டும். அந்த எல்லையில் என்ன நடக்கும்?

நெடுவழி எழுதியது:

விழுவோம், ஐயா. இரண்டாம் ஆண்டில் எனக்கு நடந்தது. பேட்டரி ஏறத்தாழக் கால் பங்கு மட்டுமே மீந்திருந்த மாலையில், எதிர்க்காற்றில், வழக்கமான வேகத்தைப் பிடிக்க முன்னால் சாய்ந்துகொண்டே போனேன். ஊர்தி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. சாலை இரைச்சலில் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தது என் தவறு. ஒரு சிறு மேட்டில் ஏறிய கணத்தில் காலுக்கடியில் இருந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போனது. கதவில் முழு எடையையும் சாய்த்து நிற்கையில் யாரோ மறுபுறம் திறந்துவிட்டதைப் போல் இருந்தது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்திருந்ததால் தோள்பட்டைக் காயத்தோடு தப்பினேன். அன்று காலையில் அதே வேகத்தில் அதே மேட்டை ஏறியிருக்கிறேன். காலையில் முடிந்தது மாலையில் ஏன் முடியவில்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அச்சாணி அவர்கள் என்னைவிடத் தெளிவாக விளக்குவார்.

அச்சாணி எழுதியது:

நீங்கள் நலமாக இருப்பது மகிழ்ச்சி. இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்த ஊர்தியில் ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சக்கரத்தின் நடுவே இருக்கும் மோட்டார் தூரிகை இல்லாத, மூன்று கட்ட, நிலைகாந்த மோட்டார். இடையில் பற்சக்கரம் எதுவும் கிடையாது. மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு மின்னாக்கியாகவும் செயல்பட்டு, பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னியக்குவிசையை, அதாவது எதிர்த்துத் தள்ளும் மின்னழுத்தத்தை, உண்டாக்கும். வேகம் கூடக் கூட இந்த எதிர் மின்னியக்குவிசை கூடும். பேட்டரியின் மின்னழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் மோட்டாருக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மின்னோட்டத்தால்தான் முறுக்குவிசை பிறக்கிறது. இடைவெளி சுருங்கினால் முறுக்குவிசையும் சுருங்கும். இரண்டும் சமமாகும் வேகத்தில் முறுக்குவிசை என்பதே இல்லை.

20 லித்தியம் கலங்களைத் தொடராக இணைத்த பேட்டரி முழுதும் ஏற்றப்பட்டபோது, கலத்துக்கு 4.2 வோல்ட் வீதம் 84 வோல்ட் தரும். அந்த அழுத்தத்தில், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டால், மணிக்கு 75 கிலோமீட்டருக்கு நிகரான வேகத்தை எட்டுகிறது என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். கலங்கள் 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தம் 64 வோல்ட். அந்த உச்ச வேகம் 57 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். இதற்கு மேல், எதிர்க்காற்றில் அதிக மின்னோட்டம் இழுக்கப்படும்போது பேட்டரியின் அகத்தடையால் அழுத்தம் இன்னும் தணியும். நெடுவழி அவர்கள் மேட்டில் ஏறிய கணத்தில் கேட்ட கூடுதல் முறுக்குவிசையைத் தர ஊர்தியிடம் இருப்பு இல்லை. நான்கு சக்கர வண்டியில் இருப்பு தீர்ந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். இங்கே நகர்த்தும் திறனும் நிமிர்த்தும் திறனும் ஒன்றே ஆகையால், முதலாவது தீரும் கணத்திலேயே இரண்டாவதும் தீர்ந்துபோகிறது.

எனவேதான் எல்லைக்கு வெகு முன்பே ஊர்தி ஒலி எழுப்புகிறது; பிறகு மிதிபலகையின் முன்பகுதியை மேலே உயர்த்தி ஓட்டுபவரைப் பின்னால் சாயவைக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. நிறுத்தும்போது மோட்டார் மின்னாக்கியாகி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். முழுதும் ஏற்றிய பேட்டரியுடன் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமிருக்காது. மலைப்பகுதியில் வசிப்பவர்கள் பேட்டரியை முழுதும் ஏற்றாமல் கிளம்புவது நல்லது.

பழையகணக்கு எழுதியது:

தோற்றம் பற்றி வைகறை ஐயா கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். ஒற்றைச் சக்கர ஊர்தி என்று தேடினால், பெரும் வளையத்துக்குள் மனிதர் அமர்ந்து செல்லும் 19-ஆம் நூற்றாண்டுப் படங்கள் வரும். 1930-களில் இங்கிலாந்தில் பர்வ்ஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய டைனஸ்பியரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றில் ஓட்டுபவரின் எடை சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும். கிணற்றில் தொங்கும் வாளி போல அது தானாகவே நிலைக்குத் திரும்பும். நாம் பேசும் ஊர்தியோ எடையைத் தலைக்கு மேல் வைத்த ஊசல். இரண்டுக்கும் உருவத்தில் மட்டுமே உறவு.

உண்மையான மூதாதை ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. டோக்கியோவிலுள்ள மின்தகவல்தொடர்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கசுவோ யமாஃபுஜி 1980-களின் பிற்பாதியில், இணையான இரு சக்கரங்களில் தானாக நிற்கும் எந்திரத்தை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1987-இல், ஸ்டான்ஃபோர்டில் ஷூன்விங்கெல் என்ற ஆய்வாளர், கணினியால் நிலைநிறுத்தப்படும் ஒற்றைச் சக்கர எந்திரத்தைத் தம் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். சக்கரத்தின் மேல் ஒரு சட்டம், சட்டத்தின் மேல் திரும்பக்கூடிய ஒரு வட்டத்தட்டு. நெடுவழி அவர்கள் இடுப்பைத் திருகித் திரும்புவதாக எழுதினாரே, அந்த இடுப்பின் வேலையைச் செய்யத்தான் அந்தத் தட்டு.

பொதுமக்கள் இந்த நுட்பத்தைக் கண்டது 2001 டிசம்பரில், டீன் கேமன் அறிமுகப்படுத்திய, நின்றபடி ஓட்டும் இரு சக்கர மின் ஊர்தியான செக்வேயில். ஐபாட் (iBOT) என்ற, படியேறும் சக்கர நாற்காலிக்காக அவருடைய குழு வளர்த்த சமநிலை நுட்பம்தான் அதில் பயன்பட்டது. அதைப் பார்த்து ஊக்கம் பெற்ற பொறியாளர் டிரெவர் பிளாக்வெல் முதலில் சொந்தமாக ஓர் இரு சக்கர ஊர்தியைக் கட்டினார். அடுத்து யூனிசைக்கிள் என்ற, இருக்கையுள்ள ஒற்றைச் சக்கர மின் ஊர்தியையும் கட்டி, அதன் விவரங்களை இணையத்தில் வெளியிட்டார். 2009 செப்டம்பரில் ஹோண்டா யூ3-எக்ஸ் என்ற, பக்கவாட்டிலும் நகரக்கூடிய, 10 கிலோவுக்கும் குறைந்த ஒன்றைக் காட்டியது. அது கடைக்கு வரவேயில்லை.

நெடுவழி எழுதியது:

பழையகணக்கு ஐயாவிடம் ஒரு மறுப்பு. எங்களைப் போன்ற ஓட்டுநர்கள் ஷேன் சென் என்பவரைத்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று சொல்கிறோம். 2011-இல் அவருடைய இன்வென்டிஸ்ட் நிறுவனம் சோலோவீல் என்ற ஒற்றைச் சக்கர மின் ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாங்கள் ஓட்டுவது அனைத்தும் அதன் வாரிசுகள். அவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லையே?

பழையகணக்கு எழுதியது:

விடுபடவில்லை, அவருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று நிறுத்திவைத்தேன். பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காமஸ் என்ற ஊரில் பணியாற்றிய சென், 2010-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 2014-இல் அதைப் பெற்றார். தானாக நிமிரும் சக்கரத்தை முதலில் செய்தவர் அவர் என்று அந்த ஆவணத்தைக் கொண்டு வாதிட முடியாது. முன்பே செய்தவர்களைக் கண்டோம். அவர் செய்தது வேறு. இருக்கையை எடுத்துவிட்டார். சக்கரத்தின் இருபுறமும் அச்சுக்கு அருகே மடங்கும் மிதிபலகைகளை வைத்து, அவற்றுக்கு மேலே கால்கள் சாய்ந்துகொள்ளும் பட்டைகளை அமைத்தார்.

சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் அதன் விளைவுகளை எண்ணிப் பாருங்கள். நின்று ஓட்டுபவர் சமநிலை தவறினால் ஓர் அடி எடுத்து வைத்து இறங்கிவிடலாம். இருக்கையில் அமர்ந்தவரால் அது எளிதன்று. கால்கள் உடலைத் தொடுவதால் கைப்பிடி தேவையற்றதாகிறது. இருக்கையும் தண்டும் இல்லாததால் ஒரு கைப்பெட்டியைப் போல் தூக்கிக்கொண்டு மின்தொடர்வண்டியில் ஏறலாம். நுட்பத்தைக் கண்டவர்கள் பலர். அது மனிதரின் கால்களோடு சேர வேண்டிய இடத்தைக் கண்டவர் சென். என் மதிப்பீட்டில் இரண்டாவது குறைந்த சாதனை அன்று.

ஏன் 2011? அதற்குச் சென்னின் திறமை மட்டும் காரணமில்லை. 1990-களின் நடுவில் கார்கள் சறுக்காமல் காக்கும் அமைப்புகளுக்காகத் திரும்பும் வேகத்தை அளக்கும் உணரிகள் பெருமளவில் தேவைப்பட்டன. 2010-இல் ஐபோன் 4 ஜைரோஸ்கோப்புடன் வந்தது. பிற கைப்பேசிகளும் தொடர்ந்தன. செக்வேயில் ஒரு பெரிய செலவாக இருந்த உறுப்பு சில ஆண்டுகளில் மிக மலிவாகிவிட்டது. மடிக்கணினிகளுக்காக வளர்ந்த லித்தியம் கலங்களும் அதே காலத்தில் கைக்கெட்டும் விலைக்கு வந்தன.

அதன் பிறகு மையம் சீனாவுக்கு நகர்ந்தது. ஏர்வீல், நைன்பாட், காட்வே, கிங்சாங், இன்மோஷன் என்று நிறுவனங்கள் பெருகின. 2015-இல் நைன்பாட் செக்வே நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. செக்வேயின் இரு சக்கர ஊர்தியின் உற்பத்தி 2020-இல் நின்றது. இதே 2020-இல்தான் அதிர்வு தாங்கும் அமைப்புடன் ஒற்றைச் சக்கரங்கள் வந்தன. பேட்டரியின் உச்ச அழுத்தம் 67 வோல்ட்டிலிருந்து 84, 100, 126, 134 என்று ஏறிக்கொண்டே போனது. அச்சாணி அவர்கள் விளக்கிய இடைவெளியை அகலமாக்கும் முயற்சிதான் இந்த ஏற்றம் முழுவதும். ஆனால் 10 கிலோ அளவில் தொடங்கிய ஊர்தி இன்று 35, 40 கிலோவாகிவிட்டது. தூக்கிக்கொண்டு படியேற முடியாத ஒன்றைப் பார்க்கும்போது, சென் கண்ட நல்ல பண்பை இழந்துவிட்டோமே என்று வருந்துகிறேன்.

நெடுவழி எழுதியது:

சென் பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். எடை பற்றி மட்டும் மாறுபடுகிறேன். என்னை விழவைத்தது சிறிய பேட்டரி. இப்போது வைத்திருப்பது 35 கிலோ. படியில் தூக்கும் ஒவ்வொரு நாளும் முதுகு வலிக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த இருப்பு வேண்டும்.

செம்பருத்தி எழுதியது:

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. உங்கள் உரையாடலைப் படித்துவிட்டுத் துணிந்து கேட்கிறேன். செயல்திட்டத்துக்காக, இரு சக்கரத்தில் தானாக நிற்கும் சிறிய எந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். எம்.பி.யு. 6050 உணரி (ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் சேர்ந்த சில்லு), பற்சக்கரப் பெட்டியுடன் கூடிய சிறிய மோட்டார்கள், அடித்தட்டில் பேட்டரி. உயரம் ஒரு சாண் இருக்கும். இடைவிடாமல் நடுங்கிக்கொண்டே இருந்து, சில நொடிகளில் ஒரு பக்கமாக ஓடிப்போய் விழுகிறது. சாய்வுக்கு ஏற்ப மோட்டாரை எவ்வளவு இயக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பி.ஐ.டி. எண்களை மூன்று வாரமாக மாற்றிப் பார்த்துவிட்டோம். அச்சாணி ஐயா, எங்கே பிழை?

அச்சாணி எழுதியது:

செம்பருத்தி, உங்கள் எண்களில் பிழை இல்லாமலும் இருக்கலாம். மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒரு பக்கமாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கோணக் கணக்கு. ஜைரோஸ்கோப் சாயும் வேகத்தைத்தான் தருகிறது. அதைக் கூட்டிக்கூட்டிக் கோணமாக்கும்போது சிறு பிழையும் சேர்ந்து வளர்ந்து, எந்திரம் செங்குத்து எது என்பதையே மறந்துவிடும். முடுக்கமானிக்குக் கீழ்த்திசை தெரியும், ஆனால் எந்திரம் நகரும்போதும் அதிரும்போதும் அது ஏமாந்துபோகும். ஆகவே குறுகிய கால மாற்றத்துக்கு முதலாவதை நம்பி, நீண்ட காலத்துக்கு இரண்டாவதைக் கொண்டு மெல்லத் திருத்த வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் 98 விழுக்காடு ஜைரோஸ்கோப், 2 விழுக்காடு முடுக்கமானி என்று தொடங்கிப் பாருங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வாக இருக்கும். மோட்டார் திசை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பற்கள் ஒன்றையொன்று தொடும் வரை சக்கரத்துக்குக் கட்டளை போய்ச் சேர்வதில்லை, தொட்டவுடன் மோதுகிறது. பெரிய ஊர்திகளில் பற்சக்கரமே இல்லாமல் மோட்டாரைச் சக்கரத்துக்குள் வைத்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. உங்களால் மோட்டாரை மாற்ற முடியாவிட்டாலும், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

பேட்டரியை மேலே ஏற்றுங்கள். எடை கீழே இருந்தால் நிலையாக நிற்கும் என்பது மேசைக்குப் பொருந்தும், தலைகீழ் ஊசலுக்குப் பொருந்தாது. விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்த முடிகிறது, பென்சிலை நிறுத்த முடிவதில்லை. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 1 மீட்டர் உயரத்தில் நிறை மையம் இருந்தால் அந்த நேரத்தின் அளவு ஏறத்தாழ 0.32 நொடி, 10 சென்டிமீட்டரில் அது 0.1 நொடிதான். உங்கள் எந்திரத்துக்கு யோசிக்கவே நேரம் தராமல் வைத்திருக்கிறீர்கள்.

வைகறை எழுதியது:

பென்சிலும் விளக்குமாறும் என்ற இந்த ஒப்பீட்டை என் வகுப்புகளில் பயன்படுத்தாமல் போனேனே என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். செம்பருத்தி, முடிவை இங்கே அவசியம் எழுதுங்கள், அம்மா.

செம்பருத்தி எழுதியது:

ஐயா, நேற்றிரவு அரை மீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை நிறுத்தி, பேட்டரியை அவற்றின் உச்சியில் கட்டினோம். 98, 2 என்ற விகிதத்தையும் வைத்தோம். பி.ஐ.டி. எண்களில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டியிருந்தது. நடுக்கம் முழுவதும் போகவில்லை. பற்சக்கரத்தின் தட்டொலி இன்னும் கேட்கிறது. ஆனால் விழவில்லை. இரவு பதினொரு மணியிலிருந்து பேட்டரி தீரும் வரை, நாற்பது நிமிடங்கள் நின்றது. உச்சியில் விரலால் தள்ளினால், தள்ளிய திசையிலேயே ஒரு சாண் ஓடிவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது.